பஞ்சமித் துண்டு

இன்னாசித்தம்பி மேசன் ஒரு புது மதிலைக் கண்டால் சும்மா தாண்டிப் போகமாட்டார். நின்று, வலது கைப் பெருவிரல் நகத்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து துளி சாந்தைச் சுரண்டி எடுப்பார். அதை நாக்கு நுனியில் வைப்பார். பிறகு ஒன்றில் தலையை ஆட்டிக்கொண்டு நடப்பார், அல்லது ஓரமாகத் திரும்பித் துப்புவார். நான் பள்ளிக்கூடம் போன நாட்களிலிருந்து பன்னிரண்டு வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். வழக்காடும் அப்புக்காத்துமார் வீட்டு மதிலானாலும் கோயில் மதிலானாலும் அவருக்கு ஒன்றுதான்.

காரணம் எளியது. கடற்கரை மணலை நல்ல தண்ணீரில் கழுவாமல் சாந்து குழைத்தால் உப்பு உள்ளே நிற்கும். உப்பு நின்ற மதில் மூன்றாம் மாரியில் பொருக்கு விடும். ஒருமுறை பெரிய கடைப் பக்கம் ஒரு புடைவைக் கடைக்காரர் இவர் துப்பியதைக் கண்டுவிட்டார்.

"என்ன மேசன், என்ரை மதிலிலையோ துப்புறாய்?"

"மதிலிலை இல்லை முதலாளி. மதிலைத் துப்பினனான். உப்புக் கூடிப்போச்சு. கறியெண்டால் கொஞ்சம் தண்ணி விடலாம்."

கடைக்காரர் ஏசினார். மூன்று வருடம் கழித்து அதே மதிலை இடித்துக் கட்ட இவரையே கூப்பிட்டார். ஏசியதை நான் கண்ணால் கண்டேன். கூப்பிட்டதை அவர் வாயால்தான் கேட்டேன்.

அவர் கரையூரில் பிறந்தவர். தகப்பன், சிறிய தகப்பன், தமையன்மார் எல்லாரும் தோணிக்காரர். இவருக்கு மட்டும் கடல் ஒத்துவரவில்லை. பதின்மூன்று வயதில் முதல்முறை ஊர்காவற்றுறைக்கு அப்பால் போனபோது குடலே வெளியே வருமளவுக்குச் சத்தி எடுத்தாராம். திரும்பி வந்து தரையில் கால் வைத்ததும், இனித் தன் காலுக்குக் கீழே எதுவும் ஆடக்கூடாது என்று தீர்மானித்ததாகச் சொல்வார். கோயில் திருத்த வந்த ஒரு மேசனுக்குச் சாந்து சுமக்கத் தொடங்கி, இருபத்திரண்டு வயதில் தானே தூக்குக்குண்டு பிடித்தார். கட்டை ஆள். கழுத்தும் தோளும் ஒன்றாகவே இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு மூலைக் கல்லைப் பார்த்து, இது இத்தனை நாளில் இந்தப் பக்கம் இத்தனை விரல் இறங்கும் என்று சொன்னால் அப்படித்தான் நடக்கும். அதைச் சொல்லும்போது அவரிடம் சந்தேகத்தின் சாயல்கூட இருக்காது. எனக்கு அந்தக் காலத்தில் அவரிடம் பிடிக்காததும் அதுதான், பொறாமைப்பட்டதும் அதுதான்.

நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. என் தகப்பனார், நாங்கள் ஐயா என்று கூப்பிட்ட சண்முகநாதன், புத்தூரில் புகையிலை செய்தவர். நான் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கவேண்டும் என்பதற்காகக் கந்தர்மடத்தில் மூன்று பரப்புக் காணி வாங்கி வீடு கட்டினார். நாங்கள் அங்கே குடிவந்த 1928ஆம் ஆண்டில், எங்கள் ஒழுங்கையில் நடந்தால் வீடு என்று ஒன்று கண்ணில் படாது. இரண்டு பக்கமும் வேலிதான். பூவரசும் கிளுவையும் துளிர்விடும் வேலித்தடியான கதியாலாக நிற்கும், அவற்றுக்கிடையில் பனையோலையோ பின்னிய தென்னோலைக் கிடுகோ வரிந்திருக்கும். வீடு இருக்கிறது என்பதற்கு அடையாளம், வேலிக்கு நடுவே சின்னக் கூரை போட்ட வாசற்கதவான சங்கடப்படலை மட்டும். யாழ்ப்பாணப் பட்டணத்தின் பாதி அப்போது அப்படித்தான் இருந்தது. அரசாங்கக் கச்சேரிப் பக்கமும் கோட்டைப் பக்கமும் கல். கடைத் தெருவில் கல். மற்றதெல்லாம் ஓலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஊர்.

அந்த ஓலையை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். மாற்றும்போது சில கதியால்கள் பட்டுப்போயிருக்கும், புதிது நடுவார்கள். புதிய கதியால் பழைய குழியில் ஒருநாளும் இறங்காது. நாலு விரல் வெளியே இறங்கும். இப்படி இருபது வருடத்தில் ஒழுங்கை வண்டி போகாத அளவுக்கு ஒடுங்கும், அயலவர் வழக்கென்று கோடு ஏறுவார்கள். இன்னாசித்தம்பிக்கு இதெல்லாம் பகிடி. வேலி வருசா வருசம் ஒரு பொய் சொல்லும், மதிலுக்கு ஒரேயொரு பொய் சொல்லத்தான் அனுமதி என்பார்.

மதில்கள் மலாயாவிலிருந்து வந்தன என்று சொன்னால் தவறில்லை. அங்கே இரயில்வேயிலும் கச்சேரிகளிலும் வேலை செய்துவிட்டுப் பென்சனோடு திரும்பியவர்கள் ஓட்டு வீடு கட்டினார்கள். ஓட்டு வீட்டுக்கு முன்னால் ஓலை வேலி அவர்களுக்கு வெட்கமாயிருந்தது. அவர்களைப் பார்த்து உறுதி எழுதும் நொத்தாரிசுமார், பிறகு கடைக்காரர், பிறகு எங்கள் ஐயா போன்ற கமக்காரர். 1925க்கும் 1940க்கும் இடையில் வண்ணார்பண்ணை, கந்தர்மடம், நல்லூர் ஒழுங்கைகள் பச்சையிலிருந்து வெள்ளைக்கு மாறின. சங்கடப்படலைகள் போய் இரும்புப் படலைகள் வந்தன. அந்த வெள்ளையில் ஒரு நல்ல பங்கு இன்னாசித்தம்பியின் கை.

ஆனால் மதிலுக்கு இல்லாத ஒரு வசதி வேலிக்கு இருந்தது. அதை யாரும் முதலில் யோசிக்கவில்லை.

அவிட்டத்தின் பின்பாதி தொடங்கி ரேவதி வரையான ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அதை எங்கள் ஆட்கள் பஞ்சமிச் சாவு என்பார்கள். அந்தச் சாவு இன்னும் ஐந்து பேரை இழுக்கும் என்பது நம்பிக்கை. ஆகவே உடலைப் படலையால் கொண்டுபோவதில்லை. வேலியில் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, அந்த வழியால் கொண்டுபோய், பாடை தெருமுனை தாண்டுமுன் மறுபடி அடைத்துவிடுவார்கள். போன உயிர் திரும்பிவந்து பார்த்தால் தான் போன வழி இருக்காது. வேலியென்றால் ஒரு கத்தியும் அரை மணித்தியாலமும் போதும்.

1925இல் தில்லைநாதன் என்ற மலாயாப் பென்சன்காரர் வண்ணார்பண்ணையில் தன் வீட்டைச் சுற்றி மதில் எழுப்பினார். கட்டியவர்களில் இன்னாசித்தம்பியும் ஒருவர். மதிலுக்கு ஒரு வயதாகுமுன் தில்லைநாதனின் தாயார் சதய நட்சத்திரத்தில் போய்விட்டார். ஆட்கள் கடப்பாரை போன்ற அலவாங்கு கொண்டு மதிலைக் குத்தினார்கள். சுண்ணாம்பில் ஒன்றோடொன்று கௌவியிருந்த கல் ஒன்றை இழுக்க, பக்கத்தில் இருந்ததும் வந்தது. பாடை போக ஆறடி வேண்டியிருந்தது, விழுந்தது முப்பதடி. ஒருவர் கால் நசுங்கியது.

விழுந்ததைத் திருப்பிக் கட்ட இன்னாசித்தம்பியை விட்டார்கள். அவர் மூன்று நாள் கல்லை அடுக்கிப் பார்த்தார், பிறகு இப்படிச் செய்தார். மதிலில் ஆறடி அகலத்துக்கு ஒரு பகுதியைத் தனியே விட்டார். இரண்டு பக்கத்துக் கற்களும் அதற்குள் நீட்டிக்கொண்டு போகாமல் நேர்கோட்டில் நிற்கும். நடுவில் உள்ள கல்லைச் சுண்ணாம்பில் அல்லாமல் களிமண்ணில் வைத்தார். மேலே முழுதும் ஒரே பூச்சு, ஒரே வெள்ளை. வெளியே நின்று பார்ப்பவனுக்கு எதுவும் தெரியாது. வேண்டிய நாளில் பூச்சைக் கொத்திவிட்டு மேற்கல்லிலிருந்து கையாலேயே எடுக்கலாம், மற்ற மதில் அசையாது. இதற்குப் பஞ்சமித் துண்டு என்று பெயர் வைத்தவர் தில்லைநாதன். அதன் பிறகு சைவ வீடு எதற்கு மதில் கட்டப் போனாலும் இன்னாசித்தம்பியின் முதற் கேள்வி, துண்டு எந்தப் பக்கம் விட வேண்டும் என்பதுதான்.

அவர் கத்தோலிக்கர். அந்தப் பஞ்சமியில் அவருக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை. கேட்டால், வீட்டுக்காரன் குசினிக்குப் புகைக்கூண்டு கேட்டால் வைக்கிறேன், அவன் என்ன கறி சமைக்கிறான் என்று எனக்கென்ன என்பார். ஆனால் எந்த வீட்டில் எந்த இடத்தில் துண்டு இருக்கிறது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. வீட்டுக்காரருக்கே சில வருடத்தில் மறந்துவிடும், வெள்ளையடித்து வெள்ளையடித்துக் கோடு மறைந்துவிடும். பஞ்சமிச் சாவு விழுந்தால் கரையூருக்கு ஆள் போகும். அவர் அலவாங்கோடு வந்து, மதிலோரம் நடந்து, ஓரிடத்தில் விரல் முட்டியால் தட்டுவார். அங்கேதான் இருக்கும். அவர் மனைவி லூர்த்தம்மா, கிறிஸ்து வேதத்திலை பிறந்தும் பஞ்சாங்கம் பாத்துக்கொண்டு இருக்கிற மனிசன் உலகத்திலை இவர் ஒராள்தான் என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லிச் சிரிப்பார்.

1943இல் நான் ஒரு கொப்பியும் பேனையுமாக அவரிடம் போனேன். நீங்கள் சொல்லுங்கள், வீடு வீடாக எழுதி வைக்கிறேன் என்றேன். நகரம் எப்படி மாறியது என்று எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு அப்போதே இருந்தது. இது அதற்கு நல்ல ஆதாரம் என்று நினைத்தேன்.

"எழுதினால், தம்பி, அது கள்ளருக்கு வாசல் காட்டின மாதிரி," என்றார். "ஊரிலை இருநூறு வீட்டு மதிலிலை ஆறடி பொய். அது என்ரை வாய்க்குள்ளை இருக்குமட்டும்தான் அவை நிம்மதியா நித்திரை கொள்ளுவினம்."

கொப்பியை மடித்துக்கொண்டு திரும்பினேன். அவர் சொன்னது சரிதான். ஆனால் எழுதக்கூடாத அறிவு என்று ஒன்று இருக்கிறது என்பதை எனக்குப் பட்டம் தந்தவர்கள் எவரும் சொல்லவில்லை.

இனி எங்கள் மதில். 1937 மார்கழி விடுமுறைக்கு நான் கொழும்பிலிருந்து வந்திருந்தேன். ஐயா புகையிலைக் கன்று நடுகைக்காகப் புத்தூரில் நின்றார். மதில் வேலையை என் பொறுப்பில் விட்டிருந்தார். ஒழுங்கைப் பக்கம் தொண்ணூற்றெட்டு அடி. வேலியைப் பிடுங்கி அத்திவாரம் வெட்டியாயிற்று. ஐயா வாங்கி அடுக்கிய பொருள்களில், கப்பலில் பீப்பாவில் வந்த சீமெந்தும் இருந்தது. அதுவரை இன்னாசித்தம்பி கட்டிய மதில்கள் சுண்ணாம்பு மதில்கள். முழுவதும் சீமெந்தில் கட்டக் கிடைத்தது இதுதான் முதல்முறை. அவர் பீப்பா ஒன்றைத் திறந்து, மாவை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, பஞ்சமித் துண்டு எந்தப் பக்கம் விட? மாமரத்தடியிலையோ, கிணத்தடிக்கு நேரையோ?"

"துண்டு வேண்டாம், அண்ணை," என்றேன். "முழுக்கச் சீமெந்திலை கட்டுங்கோ."

"ஐயாவைக் கேட்டனீங்களோ?"

"அவர் என்னட்டைத்தான் விட்டிட்டுப் போனவர்."

அவர் விரலில் ஒட்டிய மாவைப் பீப்பாவுக்குள் தட்டிவிட்டார். மறுப்பார் என்று எதிர்பார்த்து நான் வாதங்களை அடுக்கி வைத்திருந்தேன். நட்சத்திரத்துக்கும் கல்லுக்கும் என்ன தொடர்பு, ஒரு சுவரில் வேண்டுமென்றே பலவீனத்தை வைப்பது எந்த நியாயம் என்றெல்லாம். ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் தலையை ஆட்டினார். அன்று பிற்பகலே கயிறு பிடித்தார்.

அந்தப் பதினெட்டு நாளும் அவர் பாடிக்கொண்டு வேலை செய்தார். வீட்டில் அவருக்கென்று ஒரு மூக்குப்பேணி, மூக்கு வைத்த குவளை, தனியே இருந்தது. அம்மா அதில் தேத்தண்ணீர் கொடுப்பதும், அவர் குடித்துவிட்டுத் தானே கழுவி மதிலோரம் கவிழ்த்து வைப்பதும் வழக்கம். நட்சத்திரத்தைப் பற்றி அத்தனை வாதம் வைத்திருந்த எனக்கு அந்தப் பேணியைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை. இப்போது எழுதும்போதுதான் எழுகிறது.

மதில் முடிந்தது. ஒரு முனையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றால் மறுமுனை ஒரு நூல் போல் தெரியும். நல்லூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஐயா வந்து கையை வைத்து அழுத்திப் பார்த்துச் சிரித்தார். துண்டு பற்றி அவர் கேட்கவில்லை. இன்னாசி கட்டிய மதிலில் துண்டு இருக்கும் என்பது கிணற்றில் தண்ணீர் இருக்கும் என்பது போலப் பேசாத விடயம்.

1940 ஆவணியில் ஐயா இறந்தார். நான் கடைசிச் சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். காலையில் கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. ஐயர் வந்து பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பூரட்டாதி.

என் தங்கை பாலேஸ்வரி அப்போது ஏழு மாதம், தலைப்பிள்ளைப் பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஐயர் நட்சத்திரத்தைச் சொன்னதும் அம்மாவின் கண் முதலில் போனது ஐயாவிடம் அல்ல, அவளிடம். என் அம்மா ஞானாம்பிகை அதிகம் கதைக்கமாட்டார். அன்று ஒரே வார்த்தை சொன்னார். இன்னாசியைக் கூப்பிடு.

அவர் பத்தரை மணிக்கு அலவாங்கோடு வந்து சேர்ந்தார். முற்றம் நிறையப் புத்தூர் ஆட்கள். அம்மா வெளியே வந்து, துண்டு எங்கே என்று கேட்டார். இன்னாசித்தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

"துண்டு விடேல்லை, அம்மா," என்றார். "பிழை என்ரை."

என் மாமா அருளம்பலம், அம்மாவின் தமையன், மதிலை ஏற இறங்கப் பார்த்தார்.

"பட்டணத்து மதில் எண்டு மச்சான் எவ்வளவு புழுகம் புழுகினார். இப்ப அவரையே வெளியிலை விடுகுதில்லை."

யாரோ படலையாலேயே கொண்டுபோவோம், தோஷத்துக்குப் பிராயச்சித்தம் செய்யலாம் என்றார். இன்னொருவர், இரண்டு பக்கமும் ஏணி வைத்து மதிலுக்கு மேலால் பாடையை ஏற்றி இறக்கலாம் என்று யோசனை சொன்னார். அம்மா அதற்கு மட்டும் பதில் சொன்னார்.

"களவெடுத்த சாமானோ மதிலாலை ஏத்த? இந்த வீட்டைக் கட்டின மனிசன். நிலத்திலை கால்பட ஆக்கள் காவிக்கொண்டு போகவேணும்."

பாலேஸ்வரி உள்ளே விம்முவது கேட்டது. சூரியன் சாயுமுன் சுடலைக்குப் போக வேண்டும். இன்னாசித்தம்பி சால்வையை இடுப்பில் கட்டினார்.

முதல் அடியில் அலவாங்கு துள்ளித் திரும்பியது. மதிலில் நகக் கீறல் அளவு வெள்ளைக் கோடு விழுந்தது. அவர் அலவாங்கை வைத்துவிட்டு உளியும் சுத்தியலும் எடுத்து மதிலின் மேல் ஏறிக் குந்தினார். மேற்கல்லிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு கல்லையும் சுற்றிவரக் கொத்தி, தளர்த்தி, கீழே நின்றவர்களிடம் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு இரண்டு வரிசைதான் போயிருந்தது. அருளம்பலம் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. இளந்தாரிகள் பதினைந்து பேர் நிற்கிறார்கள், எல்லாருமாகத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்றார்.

"தள்ளினால் தொண்ணூற்றெட்டும் போம்," என்றார் இன்னாசித்தம்பி, கீழே பாராமலே. "பாடைக்கு ஆறடிதான் வேணும். ஆறடிதான் இடிப்பன்."

நான் கல் வாங்கினேன். என் கையில் கொப்புளம் போட்டது. அவர் கை விரல்களில் இரத்தம் வந்து சீமெந்துத் தூளோடு காய்ந்தது. உச்சி வெயிலில் அவர் ஒருமுறையும் இறங்கவில்லை. லூர்த்தம்மா கரையூரிலிருந்து நடந்து வந்து, கீழே நின்று தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அதை மட்டும் வாங்கிக் குடித்தார். மூன்றரைக்கு அத்திவாரம் தெரிந்தது. இரண்டு கரையும் கத்தியால் வெட்டியது போல் நேராக நின்றன. அவர் கையால் தூளைக் கூட்டி ஒதுக்கி, பாடைக்காரரின் காலில் கல் இடறாதபடி நிலத்தை மட்டமாக்கினார்.

ஐயா அந்த வழியால் போனார். நிலத்தில் கால்பட ஆட்கள் காவிக்கொண்டு போனார்கள். நான் கொள்ளிக்குடத்தோடு முன்னால் நடந்ததால் பின்னால் நடந்ததை நான் காணவில்லை. பாடை தெருமுனை தாண்டுமுன் இன்னாசித்தம்பி நாலு தடியும் கிடுகும் வைத்து அந்த இடைவெளியை வரிந்து முடித்துவிட்டார் என்று பாலேஸ்வரி சொன்னாள். அதன் பிறகு அம்மாவிடம் வந்து சொன்னாராம்:

"அம்மா, நான் இடிச்சது. நானே கட்டித் தாறன். ஒரு சதமும் வேண்டாம். முப்பத்தொண்டாம் நாளுக்கு முன்னம் கட்டுவன்."

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் நான் கரையூருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் முற்றத்தில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கியதுமே கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உங்களுக்கு என்ன வயசு அப்ப? பத்தொன்பதோ? பத்தொன்பது வயசுப் பெடியன் சொன்னதைக் கேட்டு நாற்பது வயசு மேசன் மதில் கட்டுவானோ? நான் கட்டினது எனக்காக, தம்பி. இருநூறு மதில் கட்டிப்போட்டன், எல்லாத்திலையும் என்ரை கையாலையே ஒரு ஓட்டை. ஒண்டாவது முழுசா நிக்கட்டும் எண்டு எனக்கும் ஆசை. நீங்கள் வேண்டாம் எண்டது எனக்குச் சாட்டு."

எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என் கருத்தால் அவர் மனம் மாறினார் என்றுதான் நான் இரண்டரை வருடம் நினைத்திருந்தேன்.

முப்பத்தொன்றுக்கு முன் அவர் வந்தார். சீமெந்து கொண்டுதான் வந்தார். தண்ணீரில் கொஞ்சம் குழைத்து மதிலின் வெட்டுக் கரையில் தடவி, காயும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார். காய்ந்ததும் நிறம் வேறாக இருந்தது. பழைய மதில் சாம்பலில் நீலம் பாய்ந்தது, புதியது மஞ்சள் பாய்ந்தது. அவர் அந்தத் தடவலைச் சுரண்டி எறிந்தார். இது வேறு ஆலைச் சீமெந்து, பீப்பாவில் வந்த அதே சீமெந்து வரட்டும் என்றார். அம்மா, சுண்ணாம்பில் கட்டினாலும் போதும், களிமண்ணென்றாலும் சரி, மாடு வராமல் இருந்தால் காணும் என்றார்.

"சுண்ணாம்பிலை ஒட்டுப் போட்டால், அம்மா, போறவாற சனமெல்லாம் என்ரை பிழையைப் பாக்கும்."

"இப்ப கிடுகைப் பாக்கேல்லையோ?"

"கிடுகு வேலை முடியேல்லை எண்டு சொல்லும். ஒட்டு, முடிஞ்சுது எண்டு சொல்லும்."

அந்தக் கப்பல் வரவில்லை. யுத்தம் இறுகியது. 1942இல் சீமெந்து முழுவதும் இராணுவத்துக்குப் போனது. பட்டணத்தில் ஒரு மதிலும் எழும்பவில்லை. அரைகுறையாய் நின்ற வீடுகளுக்கு மேல் தகரம் போட்டார்கள், பலர் மறுபடி வேலிக்குப் போனார்கள். இன்னாசித்தம்பிக்கு வேலை குறைந்தது. ஆனால் ஒவ்வொரு சித்திரைக்கும் அவர் தன் செலவில் புதுக் கிடுகு கொண்டுவந்து எங்கள் ஆறடியை வரிந்துவிட்டுப் போனார். கதியால் நட அவர் சம்மதிக்கவில்லை. நட்டால் அது வேலியாகிவிடுமாம். பாலேஸ்வரியின் மகன், ஆவணிக்குப் பிறகு இரண்டு மாதத்தில் சுகமாகப் பிறந்தவன், அந்தக் கிடுகில் ஓட்டை போட்டுத் தெருவை எட்டிப் பார்க்கப் பழகினான். அவர் ஒவ்வொரு முறையும் அவனிடம் பொய்க்கோபம் காட்டுவார்.

1944 ஐப்பசியில் நெருப்புக்காய்ச்சல் வந்து பதினோராம் நாள் அவர் போய்விட்டார். ஐம்பதுக்கு இன்னும் ஒன்றிரண்டு வருடம் இருந்தது என்று லூர்த்தம்மா சொன்னார். செத்தவீட்டுக்கு வந்திருந்த சைவ வீட்டு ஆட்களை எண்ண முடியவில்லை. பட்டணத்தின் மதில்காரர் முழுப்பேரும் கரையூர் மணலில் நின்றது போல் இருந்தது. அவர்களில் சிலர், துக்கம் விசாரித்த கையோடு, தங்கள் மதிலின் துண்டு எங்கே என்று அவர் ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று லூர்த்தம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் வண்ணார்பண்ணையில் சிலர் தங்கள் மதிலோரம் நடந்து முட்டியால் தட்டிப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு எல்லா இடமும் ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது.

மூன்றாம் மாதம் லூர்த்தம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பாய் போட்டு இருக்கச் சொன்னார். லூர்த்தம்மா இருந்தார். கடைசிக் காய்ச்சலில் அந்த மனிசன் பிள்ளைகளைக்கூடக் கேட்கவில்லை, கந்தர்மடத்து ஆறடி என்றுதான் கதைத்தார் என்றார். தன் தம்பி யாகோப்பு மேசன் வேலை பழகுகிறான், யுத்தம் முடிந்ததும் அவனை அனுப்புகிறேன் என்றார். அம்மா மறுத்துவிட்டார். யாகோப்பு எனக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை என்றார் அம்மா. இருவரும் வேறு கதைகளுக்குப் போனார்கள். அன்று தேத்தண்ணீர் எங்கள் பேணியிலேயே வந்தது. அதை அம்மா வேண்டுமென்று செய்தாரா என்று எனக்குத் தெரியாது.

லூர்த்தம்மா போன பிறகு நான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். துண்டு வேண்டாமென்று சொன்னது நான்தான் என்றேன். நாலு வருடமாகச் சுமந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார். "அவன் கேளாமல் கட்டுறவனே? நீ அண்டைக்கு வாய் திறப்பியோ எண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

பள்ளிக்கூட மாஸ்டர் உத்தியோகத்துச் சம்பளம் வருகிறது, நானே கட்டிவிடுகிறேன் என்றேன்.

"நீ உன்ரை வீட்டிலை கட்டு. உது இன்னாசி எனக்குத் தாறன் எண்டு சொன்ன மதில்."

இப்போது 1946. கப்பல்கள் வருகின்றன. சீமெந்து பெரிய கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. எங்கள் ஒழுங்கையில் இந்த வருடம் மட்டும் நாலு மதில் எழும்பியிருக்கிறது, எதிலும் துண்டு இல்லை. எங்கள் மதில் தொண்ணூற்றிரண்டு அடி சீமெந்தாகவும் ஆறடி கிடுகாகவும் நிற்கிறது. போன சித்திரையில் கிடுகு மாற்றியது நான். புதிதாய்க் குடிவந்த எதிர்வீட்டுக்காரர் வந்து, ஏன் இந்த இடத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா படலையடியில் நின்றபடியே பதில் சொன்னார், கரையூர் மேசன் ஒருவர் கட்டித்தர வேண்டியது, இன்னும் தரவில்லை என்று.